வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறாள், எட்டேழு கேட்டால் திணறுகிறாள்

கேள்வி: வயது 9. ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பாள். எட்டேழு எவ்வளவு என்றால் மட்டும் ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து தொடங்குகிறாள். வகுத்தல் கணக்கும் பாதியில் தடம் மாறுகிறது. மனப்பாடமே வேண்டாம், புரிந்தால் போதும் என்கிறார்கள் சிலர். எதை மாற்றுவது?

பதில் 1: வரிசையாக ஒப்பிக்கும்போது முந்தைய வரிதான் அடுத்த வரியை இழுத்து வருகிறது. பாட்டின் நடு அடியைக் கேட்டால் பல்லவியிலிருந்து பாடிப் பார்ப்போமே, அதே கதை. அட்டைகளில் எழுதி, கலைத்துப் போட்டுக் கேளுங்கள். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் தெரியுமென்றால் ஒதுக்கிவிடலாம். 7×8, 8×7 இரண்டும் ஒன்றே என்பதால் மிச்சம் 21 அட்டைதான். ஒரு நாளைக்குப் புதிது 3, பழையது 10. மூன்று விநாடியில் வராவிட்டால் விடையைச் சொல்லிவிட்டு, நாலைந்து அட்டை தள்ளி மறுபடி கேளுங்கள். சரியாக வந்ததை மறுநாள், பிறகு 3 நாள், பிறகு ஒரு வாரம் கழித்து. தப்பினால் பழையபடி மறுநாள். 6×9=54, 7×8=56 இரண்டையும் ஒரே நாளில் புதிதாகக் கொடுக்காதீர்கள், ஒன்றையொன்று குழப்பும்.

பதில் 2: வகுத்தல் தடுமாறுவதும் இதனால்தான். மனம் ஒரே நேரத்தில் ஏந்துவது பெரியவர்களுக்கே சுமார் 4 விஷயம் என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் கணிப்பு (2001). எட்டேழைக் கூட்டிக் கண்டுபிடிப்பதற்குள் ‘அடுத்து கழிக்கணும்’ என்பது நழுவிவிடும். புரிதலா மனப்பாடமா என்பது வெட்டிச் சண்டை. மறந்ததை மீட்கப் புரிதல் வேண்டும்: 5×8=40, 2×8=16, சேர்த்தால் 56.

பதில் 3: மூன்று விநாடியை மனதுக்குள் எண்ணுங்கள், கடிகாரத்தை நீட்டாதீர்கள். பதற்றமும் அந்த 4 இடத்தில்தான் வந்து உட்காரும்.

கேட்டவர்: நன்றி. பாடப் பத்திகளுக்கும் அட்டைதானா?

பதில் 2: வேண்டாம். ஒருமுறை படித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து சொல்லட்டும். பிறகு திறந்து விட்டுப்போனதைப் பார்க்கட்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களுக்கு 56. அன்றைக்கே கேட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பதில் 3: அப்படியும் ஒட்டவில்லையா? ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டாம். உளவியலாளர் மிஷலீன் சீயின் 1978 ஆய்வில், சதுரங்கம் தேர்ந்த சிறுவர்கள் காய்களின் இடங்களைப் பெரியவர்களைவிட நன்றாக நினைவில் வைத்தார்கள். வெறும் எண் வரிசையில் பெரியவர்களே முன்னே. பழகிய விஷயம்தான் எளிதில் ஒட்டும். அதனால் பத்தியில் எத்தனை சொல் அவளுக்குப் புதிது என்று முதலில் எண்ணுங்கள்.