மறுமொழி: கலைச்சொல் – ஹிஸ்டாரிகல் பிளேஸ் நேம், கரண்ட் பிளேஸ் நேம்

நண்பர்களுக்கு வணக்கம்.

குடும்ப வரலாற்று மென்பொருளின் இடப்பெயர்த் திரையில் 'ஹிஸ்டாரிகல் பிளேஸ் நேம்', 'கரண்ட் பிளேஸ் நேம்' என்று இரண்டு கட்டங்கள் உள்ளன; அவற்றுக்குத் தமிழில் என்ன தலைப்பு வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகளைப் படித்தேன். என் கருத்து இது.

> வரலாற்று இடப்பெயர்

இது வேண்டாம். 'வரலாற்று' என்று அடைமொழி போட்டதுமே மனம் கோட்டைக்கும் கல்வெட்டுக்கும் போய்விடுகிறது. இந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதோ, ஒருவர் பிறந்தபோது அந்த ஊருக்கு என்ன பெயர் இருந்தது என்பது. 1995-இல் இருந்த பெயரும் இதில்தான் வரும். அதை வரலாற்றுப் பெயர் என்று யார் நினைப்பார்கள்? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள்.

> பழைய பெயர் / புதிய பெயர்

படித்ததும் புரிகிறது, உண்மைதான். ஆனால் எது பழையது? நார்வேயின் தலைநகரை 1624 முதல் கிறிஸ்தியானியா என்றார்கள். 1925-இல் ஆஸ்லோ ஆக்கினார்கள். ஆஸ்லோ என்பதோ 1624-க்கு முன்பே அங்கிருந்த பெயர். அப்புறம் லெனின்கிராட். நகரம் 1991-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயருக்குத் திரும்பிவிட்டது. அதைச் சுற்றியுள்ள மாகாணத்துக்கு இன்றும் லெனின்கிராட் என்றுதான் பெயர். அங்கே ஒரு கிராமத்தில் பிறந்தவருக்கு 'லெனின்கிராட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பழைய பெயர் என்று மாற்றினால் தகவலே தப்பாகிவிடும்.

என் பரிந்துரை: அன்றைய பெயர் / இன்றைய பெயர்.

'அன்று' என்றால் என்று? பிறப்போ திருமணமோ இறப்போ, அந்தப் பதிவில் உள்ள தேதியன்று. விளக்கக் குறிப்பு இல்லாமலே பயனருக்கு இது பிடிபடும். 'நிகழ்வுக்காலப் பெயர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் துல்லியம்தான், கையேட்டில் வரையறை கொடுக்கும்போது அதையே பயன்படுத்தலாம். திரையின் சின்னக் கட்டத்துக்குத் தலைப்பாக வைக்க நீளம் அதிகம்.

கஜகஸ்தானின் தலைநகரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1961 வரை அக்மோலின்ஸ்க். பிறகு செலினோகிராட். 1992-இல் அக்மோலா, 1998-இல் அஸ்தானா, 2019-இல் நூர்-சுல்தான், 2022-இல் மறுபடி அஸ்தானா. ஒரு குடும்பம் வீடே மாறாமல் அங்கே இருந்தது என்று வையுங்கள். 1975-இல் மகள் பிறந்தது செலினோகிராட், அவளுக்கு 1995-இல் திருமணம் நடந்தது அக்மோலா, 2000-இல் குழந்தை பிறந்தது அஸ்தானா. மூன்று அன்றைய பெயர்கள், ஒரே இன்றைய பெயர். நாடும் மாறியிருக்கிறது: முதல் பதிவுக்குச் சோவியத் ஒன்றியம், மற்ற இரண்டுக்கும் கஜகஸ்தான்.

இதே ஊர் இன்னொன்றையும் காட்டுகிறது. 2020-இல் ஒருவர் 'இன்றைய பெயர்' கட்டத்தில் நூர்-சுல்தான் என்று கையால் அடித்திருந்தால், இரண்டே ஆண்டில் அது தவறு. ஆகவே இன்றைய பெயரைப் பயனர் நிரப்பவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஊருக்கு ஒரே பதிவு. அதன்கீழ் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் 'முதல்', 'வரை' என்று இரண்டு தேதிகள். எது அன்றைய பெயர், எது இன்றைய பெயர் என்பதை மென்பொருளே எடுத்துக் காட்டட்டும். கிராம்ப்ஸ் என்ற குடும்ப வரலாற்று மென்பொருளில் இப்படித் தேதியோடு பல பெயர்கள் கொடுக்க வழி இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு சொல்லும் வேண்டும்: ஆவணப் பெயர். இதை அன்றைய பெயரோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 1955-இல் அக்மோலின்ஸ்கில் பிறந்தவர் 1970-இல் பிறப்புச் சான்றின் நகல் வாங்கினால், வழங்கும் அலுவலகத்தின் முத்திரையில் செலினோகிராட் என்றிருக்கும். முத்திரையில் உள்ளதைப் பார்த்தபடி குறித்துக்கொள்ள வேண்டும், அதே நேரம் பிறந்த ஊரின் அன்றைய பெயர் அக்மோலின்ஸ்க் என்பதும் நிற்க வேண்டும். எழுத்துப்பிழையோடு இருந்தாலும் ஆவணப் பெயரைத் திருத்தாதீர்கள். பின்னால் வருபவர் அந்த ஆவணத்தைத் தேடிப் பிடிக்க அந்தப் பிழைதான் உதவும்.

> கெட்காமில் (குடும்ப வரலாற்று மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் கோப்பு வடிவம்) டிரான் குறியீடு இருக்கிறதே, மற்ற பெயர்களை அதில் போடலாமா?

கூடாது. 2021-இல் வந்த கெட்காம் 7-இல் இடப்பெயரின்கீழ் வரும் டிரான், அதே பெயரை வேறு மொழியிலோ வேறு எழுத்திலோ தருவதற்கு. 'அஸ்தானா' என்று தமிழில் எழுதுவது டிரான். செலினோகிராட் அதற்கு மொழிபெயர்ப்பு ஆகாது, வேறு காலத்துப் பெயர்.

ஊர் எந்த மாவட்டத்தில், மாவட்டம் எந்த மாகாணத்தில் என்று காட்டும் கட்டத்துக்கு 'மேலிடம்' என்று ஒரு பரிந்துரை வந்தது. கட்சி மேலிடம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 'எதைச் சேர்ந்தது' என்று கேள்வியாகவே வைத்துவிடலாம். பேச்சிலும் அப்படித்தான் சொல்கிறோம். மொத்த வரிசைக்குப் 'படிநிலை' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, சரி.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. நிகழ்வின் தேதியே தெரியாதபோது அன்றைய பெயர் எது? என்னைக் கேட்டால், அங்கே மென்பொருள் ஊகிக்காமல் ஆவணப் பெயரை மட்டும் காட்டிவிட்டு, பக்கத்தில் 'தேதி தெரியவில்லை' என்று போட வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்து, அந்த ஆண்டிலேயே பெயரும் மாறியிருந்தால் இரண்டு பெயர்களையும் காட்டலாம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மூன்று சொற்களையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.