கேள்வி கேட்டதும் பதிலையும் தாமே சொல்லிவிடும் பயிற்சி ஆசிரியர்கள்: எங்கே தவறுகிறது?

கேள்வி (கணிதப் பயிற்றுநர்)

அனைவருக்கும் வணக்கம். கணித ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அவர்கள் பள்ளிக்குச் சென்று வகுப்பு எடுக்கும்போது பின்வரிசையில் அமர்ந்து பார்த்து மதிப்பிடுவதும் என் பொறுப்பு. ஒரு விஷயம் நெடுநாளாக என்னை உறுத்துகிறது.

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் காத்திருப்பு நேர ஆய்வை எல்லோரும் படிக்கிறார்கள். 1970களில் அவர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, காரணத்தோடு பேசுவது கூடியது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தேர்வில் இதையெல்லாம் அழகாக எழுதுகிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தலில் (ஒரு சிறு பாடத்தைச் சில நிமிடம் நடத்திப் பழகும் பயிற்சியில்) சக பயிற்சியாளர்கள் முன்னிலையில் பொறுமையாகச் செய்தும் காட்டுகிறார்கள். உண்மையான வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாம் காற்றில் போய்விடுகிறது.

அண்மையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு. பலகையில் 3/4, 2/3 என்று எழுதி, “எது பெரியது?” என்று கேட்டார் பயிற்சி ஆசிரியை. ஒரு சிறுவன் எழுந்து, “ரெண்டும் சமம் டீச்சர்” என்றான். அடுத்த கணமே, “இல்லை, உட்கார். பகுதிகளைச் சமப்படுத்தினால் 9/12, 8/12. அதனால் 3/4தான் பெரியது” என்று தாமே எழுதி முடித்துவிட்டார். “புரிந்ததா?” என்றார். வகுப்பு முழுவதும் “புரிந்தது” என்றது. அந்தச் சிறுவனும் சேர்ந்து சொன்னான். அவன் ஏன் சமம் என்றான் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அந்த ஆசிரியை அக்கறையோடு தயாரித்து வந்தவர். அதனால்தான் கேட்கிறேன். நுண்ணிலைப் பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டுமா, அல்லது கோளாறு வேறெங்காவது இருக்கிறதா?

பதில் (நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியர்)

வணக்கம் அம்மா. அந்தச் சிறுவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 4-இல் 3 போனால் 1. 3-இல் 2 போனால் 1. இரண்டிலும் முழுமைக்கு ஒன்றுதான் குறைகிறது, ஆகவே சமம். பின்னம் கற்கும் வயதில் மிகப் பரவலாகக் காணப்படும் சிந்தனை இது. வகுப்பில் ஒருவன் வாய்விட்டுச் சொன்னால், சொல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

இது தெரிந்திருந்தால் ஆசிரியை என்ன செய்திருப்பார்? பலகையில் 1/2, 99/100 என்று எழுதி, “இவை?” என்று மட்டும் கேட்டிருப்பார். அவன் கணக்குப்படி இவையும் சமமாக வேண்டும். ஆனால் பாதியும் ஏறக்குறைய முழுசும் சமமாக முடியாது என்பது அவனுக்கே தெரியும். அங்கே அவன் தயங்கி நிற்பான். அந்தத் தயக்கத்தில்தான் பாடம் தொடங்குகிறது. “குறைவது ஒரு துண்டுதான், சரி. அந்தத் துண்டு எவ்வளவு பெரியது?” 3/4-இல் குறைவது 1/4. 2/3-இல் குறைவது 1/3. குறைவது சிறியதாக உள்ள 3/4தான் பெரியது. பகுதிகளைச் சமப்படுத்தவே தேவையில்லை! பையன் பாதி தூரம் சரியாகவே வந்திருந்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டோமே என்றுதான் மனம் பதைக்கிறது.

கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் வலியுறுத்தியது இதைத்தான். பாடம் தெரிவது வேறு, பொதுவான கற்பித்தல் உத்திகள் தெரிவது வேறு. இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளைகள் எப்படி யோசிப்பார்கள் என்று அறிவது மூன்றாவது அறிவு, அது ஆசிரியருக்கே உரியது. என்ன பதில் வரும் என்று தெரியாதவரால் மௌனத்தைத் தாங்க முடியாது. எதிர்பாராத பதில் வந்ததும் தமக்குத் தெரிந்த வழிமுறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார். நுண்ணிலைப் பயிற்சியை எத்தனை முறை கூட்டினாலும் இந்தக் குறை தீராது.

பதில் (ஆசிரியர் கல்வி ஆய்வாளர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லத் தயங்குகிறேன். சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இலேயே எழுதியதை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கற்பித்தல் என்றால் என்ன என்ற சித்திரம் பயிற்சிக்கு வருமுன்பே அவருக்குள் ஊறிவிடுகிறது. மாணவராக அவர் பார்த்தது ஆசிரியரின் வாயையும் கையையும்தான். அதற்குப் பின்னால் நடந்த யோசனையை அவர் பார்த்ததே இல்லை. ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் சரி அல்லது தவறு என்பார். வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த ஹ்யூ மெஹன் 1979-இல் விவரித்த இந்த மூன்றடிச் சுழற்சி, பதற்றம் வந்ததும் தானாகவே மேலெழுகிறது.

நுண்ணிலைக் கற்பித்தல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் சகாக்களும் இதைத் தொடங்கியபோது, எதிரே உட்கார்ந்தவர்கள் உண்மையான பள்ளி மாணவர்கள். குறுகிய பாடம், ஒளிப்பதிவு, கலந்துரையாடல், மறுபடியும் கற்பித்தல் என்று அது நடந்தது. பல இடங்களில் இன்று எஞ்சியிருப்பது சக பயிற்சியாளர்கள் மாணவர்களாக நடிக்கும் வடிவம். விடை தெரிந்தவர்கள் முன்னால் மூன்று நொடி காத்திருப்பதில் என்ன சிரமம்? “ரெண்டும் சமம்” என்று அங்கே யாரும் சொல்லப்போவதில்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் சொன்னதும் இதையொட்டியதே: விளக்கமும் செய்முறையும் பயிற்சியும் கொடுத்தாலும், சொந்த வகுப்பில் பக்கத்தில் நின்று உதவும் ஒருவர் இல்லாவிட்டால் புதிய முறை நிலைப்பது அரிது.

இன்னொன்று. எல்லாக் கேள்விக்கும் மூன்று நொடி தேவையில்லை. 7×8 எவ்வளவு என்பதற்குக் காத்திருப்பது வகுப்பைத் தொய்யவைக்கும். யோசிக்க எதுவும் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு மௌனம் காப்பதில் பயன் இல்லை.

பதில் (இறுதிப் பருவப் பயிற்சி ஆசிரியை)

வணக்கம். என்னை மதிப்பிடுபவர்களிடம் நேரில் சொல்லத் துணியாததை இங்கே சொல்கிறேன், மேடம் தவறாக நினைக்க வேண்டாம்.

பின்வரிசையில் ஒருவர் மதிப்பீட்டுப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும்போது மௌனம் எங்களுக்குத் தோல்வியாகத்தான் கேட்கிறது. எங்கள் படிவத்தில் குரல் வளம், பலகைப் பயன்பாடு, வகுப்புக் கட்டுப்பாடு, நேரத்துக்குள் பாடம் முடித்தல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மாணவர் சொன்னதை ஆசிரியர் கேட்டாரா என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பிள்ளையின் தவறான பதிலைத் தொடர்ந்து போனால் பாடக்குறிப்பின் கடைசிப் பகுதி நின்றுபோகும், மதிப்பெண்ணும் போகும். அந்த ஆசிரியை “உட்கார்” என்று சொன்னபோது அவர் கண் கடிகாரத்தில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எங்களுக்கும் அந்தப் பையனிடம் “ஏன்?” என்று கேட்க ஆசைதான்.

கேள்வி கேட்டவர்

தங்கையே, தவறாக நினைக்க இதில் என்ன இருக்கிறது? இதைச் சொல்ல நீங்கள் தயங்கியதுதான் எனக்கு வருத்தம். எங்கள் படிவமும் ஏறக்குறைய அப்படித்தான். அதை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. ஆனால் அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அடுத்த சுற்றில் பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே அங்கே எழுதப்போகிறேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியையும் நானும் அதை மட்டும் வைத்துப் பேசுவோம். பாடக்குறிப்பை நீட்டாமல் இந்த மூன்றாவது அறிவை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று ஆசிரியர் ஐயா சொல்ல முடியுமா?

பதில் (நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியர்)

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிச் செய்யும் பாட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய நூலால் மற்ற நாடுகளிலும் பரவலாக அறியப்பட்டது. ஒரே பாடத்தைப் பலர் சேர்ந்து திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். அந்தப் பாடக்குறிப்புகளில் பிள்ளைகளிடமிருந்து எதிர்பார்க்கும் பதில்களுக்குத் தனி இடம் உண்டு. அதை மட்டும் கடன் வாங்குங்கள். பாடம் முழுவதற்கும் வேண்டாம், முக்கியமான ஒரே ஒரு கேள்விக்குப் போதும்.

தசமத்தில் தொடங்கலாம். 0.35, 0.4 இவற்றில் எது பெரியது? “35 பெரிது, அதனால் 0.35” என்று சிலர் சொல்வார்கள். இதைப் பயிற்சி ஆசிரியர்கள் எளிதில் ஊகித்துவிடுவார்கள். 0.4 என்று சரியாகச் சொல்பவர்களில் சிலர், புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நம்பிக்கொண்டு சொல்வார்கள். விடை சரி என்பதால் ஆசிரியர் “சபாஷ்” என்று கடந்துபோய்விடுவார். அவர்களிடம் 0.45, 0.3 என்று கொடுத்துப் பாருங்கள், 0.3 என்பார்கள். ரோ இரண்டு இடைவெளிகளைப் பற்றிப் பேசினார்: கேள்விக்குப் பின் ஒன்று, மாணவர் பதில் சொன்னபின் ஒன்று. இரண்டாவதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். சரியான விடை வந்த இடத்திலும் ஒரு “எப்படி?” கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க அவர்களைப் பழக்குங்கள். படிவத்தின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதப்போகும் பதில்களில் சரியானவற்றையும் விட்டுவிடாதீர்கள்.