மறுமொழி: டெட்ஹெடிங் – ‘செம்மல் கிள்ளல்’ பொருந்துமா?

> ‘தலைகொய்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் நேராக இருக்கிறது.

ஐயா, வணக்கம். டெட்ஹெடிங் என்பது செடியில் வாடிய பூக்களை அவ்வப்போது நீக்கிவிடுவது; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். தமிழில் தலை கொய்தல் என்றால் கொலை. தோட்ட வேலைக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘பூநீக்கம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் எந்தப் பூவை நீக்குவது என்பதே இல்லை.

நான் வளர்க்கும் ரோஸ் கேம்பியன் என்ற பூச்செடியை வைத்தே யோசித்தேன். முதல் ஆண்டு வெள்ளிப் பஞ்சு போர்த்த இலைகள் மட்டும் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு தண்டு இரண்டடிக்கு மேல் எழுந்து, கவை கவையாகப் பிரிந்து, அடர் ரோஜா நிறத்தில் பூக்கும். ஒவ்வொரு கவையிலும் நடுப்பூதான் முதலில் விரியும், பக்க மொட்டுகள் அப்புறம். அந்த நடுப்பூ வாடியதும் கவைக்குச் சற்று மேலே, பக்க மொட்டு நோகாமல் கிள்ள வேண்டும். கிள்ளினால் பூக்கும் காலம் நீளும். விட்டுவிட்டால் காய் முற்றி, நுனி பற்களாகப் பிளந்து, காற்றில் தண்டு ஆட ஆட விதை சிதறும்.

வாடிய பூவுக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: செம்மல். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களை எண்ணிய மொழி இது. ‘வீ’ உதிர்கிற பூ. இந்தச் செடியில் பூ வாடிய பிறகும் புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் உள்ள பச்சை உறை, தண்டிலேயே நிற்கிறது, உள்ளே காய் வளர்கிறது. அதனால் ‘வீ’ ஒத்துவராது. ‘வாடல்’ எளிமையானதுதான், ஆனால் தண்ணீர் இல்லாமல் துவண்டாலும் வாடல்தானே.

செம்மல் என்றால் இன்று பெரியவர்களுக்குத் தரும் பட்டப்பெயர்தான் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் ‘கிள்ளல்’ பக்கத்தில் வந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கொய்வது பூவை எடுத்துப் பயன்படுத்த. கவாத்து கிளைகளுக்கு. கிள்ளுவது விரல்நுனி வேலை. பருத்தியில் ‘நுனி கிள்ளுதல்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தச் செடிக்கு ஆயுள் குறைவு, இரண்டு மூன்று ஆண்டுதான். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் கொடுத்தாலும் அவ்வளவே; ஈரம் தங்கினால் அதற்கு முன்பே அழுகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் கிள்ளிவிடக் கூடாது, கடைசிப் பூக்களை விதைக்கு விட வேண்டும். ‘முதல் செம்மலைக் கிள்ளு, கடைசிச் செம்மலை விதைக்கு விடு’ என்று இந்தச் சொல்லில் இயல்பாகச் சொல்ல முடிகிறது. ‘பூநீக்கம்’ வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள், வராது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ‘செம்மல் கிள்ளல்’ என்றே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து, விதை தானே விழுந்து முளைப்பதற்கு ‘தன்விதைப்பு’ சரியா என்று பார்க்கலாம்.