புதுப்பிப்பு: எழுத்துப் பிரிக்கும் நூலகத்துக்கு 1.0 போட்டாயிற்று

தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் என் பைத்தான் நூலகம் (பிறர் தங்கள் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) 0.6 பதிப்பில் நிற்கிறது, இடைமுகத்தை, அதாவது பிறர் நிரல் அதை அழைக்கும் முறையை, இனி மாறாது என்று எப்போது உறுதிசெய்து 1.0 வெளியிடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போன வாரம் வெளியிட்டுவிட்டேன்.

ஒரு வருடம் பொறு என்றும், நாலு பேர் நிஜ வேலைக்குப் பயன்படுத்தினாலே 1.0தான் என்றும் சொன்னீர்கள். எனக்குக் கைகொடுத்தது மூன்றாவது யோசனை: நீயே அதை வைத்து ஒரு முழுச் செயலி எழுது, அப்புறம் வரும் இரண்டு வெளியீடுகளில் எதையும் உடைக்க வேண்டியிராவிட்டால் பூட்டிவிடு.

குறுக்கெழுத்துப் புதிர் செயலி எழுதினேன், முதல் நாளே மாட்டியது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் 'கொ' ஒற்றை ஒகரக் குறியோடு இரண்டு குறியீடாகவும் வரும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக மூன்றாகவும் வரும், திரையில் வித்தியாசமே தெரியாது. நான் குறியீடுகளை எண்ணி இடம் சொன்னதால் ஒரே சொல்லுக்குக் கோப்புக்குக் கோப்பு வேறு எண் வந்தது. எழுத்தை எண்ணும்படி மாற்றியது 0.7. அடுத்து வந்த 0.8, 0.9 இரண்டிலும் எதுவும் உடையவில்லை.

எதிர்பாராதது: 0.7 வந்ததும் சிலருடைய நிரல் நின்றுவிட்டது. பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவியான பிப்பில், வேண்டிய பதிப்பை ~=0.6 என்று எழுதினால் 0.7-ஐயும் அது ஏற்றுக்கொள்ளும், 0.6-க்குள்ளேயே நிற்க ~=0.6.0 என்று எழுத வேண்டும். 1.0-க்கு முன்னால் எதுவும் மாறலாம் என்பது பதிப்பெண் விதிதான், ஆனாலும் இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது நூலகத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்.