உயிரியல் வயது டெஸ்ட்: வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்தவர்கள் சொல்லுங்கள்

மாடிப்படி:
எச்சில் சாம்பிள் அனுப்பினால், பிறந்த தேதிப்படி இல்லாமல் உடல் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று ஒரு வயதைச் சொல்லும் டெஸ்ட்தான். அப்பாவுக்கு 68. ரிப்போர்ட்டில் 76 என்று வந்துவிட்டது. தம்பி விளையாட்டாக நினைத்துச் சத்தமாகப் படித்தான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனை வாங்கி, அந்த எண்ணை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்போ எட்டு வருஷம் எங்கடா போச்சு?" என்றார். சிரிக்கவில்லை. இப்போது முழங்கால் வலித்தால்கூட, "எழுபத்தாறு வயசுக்காரனுக்கு வலிக்காதா?" என்கிறார். சுகர், பிரஷர் எல்லாம் கட்டுக்குள்தான் இருக்கின்றன. வேறு யார் வீட்டிலாவது இப்படி?

அரைத்தூக்கம்:
எங்கள் வீட்டில் தலைகீழ். அண்ணனுக்கு 63, வந்தது 55. ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பிரஷர் மாத்திரையை அவரே நிறுத்திக்கொண்டார். அடுத்த செக்கப்பில் மேல் அளவு 180. ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் அதைத் தொடவே இல்லை. "நான் மாத்திரை எழுதினது உங்களுக்கா, இந்தப் பேப்பருக்கா?" என்று கேட்டார். கூடப் போயிருந்த எனக்குத்தான் வேர்த்தது.

நுண்ணோக்கி:
லேப் வேலை என்பதால் சொல்கிறேன், இரண்டு பேருமே அந்த எண்ணை ரொம்ப நம்புகிறீர்கள். இந்த வயதைக் கணிக்கும் கணக்கு முறைகளைத்தான் 'கடிகாரம்' என்பார்கள். ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட கடிகாரம் டிஎன்ஏவில் 353 இடங்களில் மெத்தில் குறிகளை, அதாவது டிஎன்ஏ மேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகளை, பார்த்து வயதைக் கணிப்பது. அப்புறம் வந்த ஃபீனோஏஜ், கிரிம்ஏஜ் என்ற கடிகாரங்கள் எல்லாம் நோய், மரண அபாயத்தோடு ஒத்துப்போகும்படி உருவாக்கியவை. ஒரே ஆளுக்கு ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு வயது சொல்லும். ஒரே சாம்பிளை இரண்டு தடவை ஓட்டினாலே சில கடிகாரங்களில் 9 வருடம் வரை விலகலாம் என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. மாடிப்படி, அப்பாவின் எட்டு வருஷம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

எங்கள் கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தார். இடுப்பு ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்த டெஸ்ட். "இதை அழிச்சிட்டு வேற போட்டுத் தர முடியுமா?" என்று கெஞ்சினார். ஆபரேஷன் மாதிரி பெரிய உடல் அழுத்தத்தில் இந்த எண் ஏறலாம், தேறியதும் இறங்கவும் செய்யலாம். அதைச் சொன்னேன், அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

கைக்கடிகாரம்:
நுண்ணோக்கி, எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். என் அத்தை கையில் கட்டியிருந்த வாட்ச் "துடிப்பு ஒழுங்கில்லை" என்று காட்டிக்கொண்டே இருந்தது. சார்ஜ் போச்சு என்று கழற்றி டிராயரில் வைத்துவிட்டார். இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

மாடிப்படி, வயதை விடுங்கள், நடையைப் பாருங்கள். 4 மீட்டர் தூரம் அளந்து வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், 15 விநாடியைத் தாண்டினால் கால் தசை பலவீனமாக இருக்கலாம். பக்கத்திலேயே நில்லுங்கள். பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் நீங்களாக மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு...

மாடிப்படி:
நன்றி, ஆனால் நான் கேட்டது வேறு. அப்பாவிடம் என்ன பேசுவது?

நுண்ணோக்கி:
கருவியே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? துடிப்பை அளப்பதும் வயதைக் கணிப்பதும் ஒன்றா?

அரைத்தூக்கம்:
அந்த நாற்காலி விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டு, "இதுக்கு எத்தனை வயசு போடுவாங்க?" என்கிறார்.