அம்மாவுக்குப் பொட்டாசியம் 5.8, தோட்டத்தில் விளைவதில் எதைச் சமைத்துக் கொடுப்பது?

பண்ணைக்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காடு. அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை ரொம்ப வருடமாக இருக்கிறது, பிரஷரும் உண்டு, இப்போது கிட்னியும் பாதித்திருக்கிறது. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. போன வாரம் ரத்தம் பார்த்ததில் பொட்டாசியம் 5.8, அது இருக்க வேண்டியதைவிட அதிகம். மருந்து எழுதிக் கொடுத்து, "பழம், காய், இளநீர் குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டைச் சுற்றி இருப்பதே மலை வாழையும் பட்டர்ஃப்ரூட்டும் சௌசௌப் பந்தலும்தான். அம்மா பயந்துபோய் நான்கு நாளாகக் காயே தொடுவதில்லை, வெறும் சோறும் தக்காளி ரசமும். நேற்று தட்டில் வைத்த சௌசௌக் கூட்டை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார், பார்க்கவே மனசு கேட்கவில்லை. எதைக் கொடுக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொடைக்கானல் அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாக இந்தச் சமையல்தான் செய்கிறேன். அம்மா ஒதுக்கியதுதான் அவர் சாப்பிட வேண்டியது, குடித்துக்கொண்டிருப்பதைத்தான் குறைக்க வேண்டும். சௌசௌவில் 100 கிராமுக்கு 125 மில்லிகிராம் அளவுதான் பொட்டாசியம். பொட்டாசியம் தண்ணீரில் கரைகிற சரக்கு, அதனால் தக்காளியையும் பருப்புத் தண்ணீரையும் விட்டு வைக்கிற ரசத்தில் அது அப்படியே இறங்கி நிற்கும்.

முட்டைக்கோஸ், பீன்ஸ், சௌசௌ இதெல்லாம் தாராளமாகப் பொரியலுக்கு ஆகும். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் என்றால் தோலைச் சீவி, விரலில் ஒட்டுகிற அளவு மெல்லிசாக நறுக்கி, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் தாளியுங்கள். உருளைக்கிழங்கில் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். சும்மா ஊறவைத்தால் அவ்வளவு இறங்காது. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அதையே குழம்பில் சேர்த்தால் செய்த வேலைக்குப் பலனே இல்லை. ருசி கொஞ்சம் போகும், அதற்கு இரண்டு பல் மலைப்பூண்டு தட்டிப் போடுங்கள், காரமும் வாசனையும் தூக்கிக் கொடுக்கும்.

பழத்தில் பேரிக்காய், ஆப்பிள் நல்லது, 100 கிராமுக்கு 110, 120க்குள் நிற்கும், பாதிப் பழம் கொடுங்கள். வாழைப்பழத்தில் 350க்கு மேல், பட்டர்ஃப்ரூட்டில் 480 வரை. அளவு இறங்கும்வரை இரண்டும் வேண்டாம்.

வத்தலக்குண்டு மருந்துக்கடை:
அக்கா சொன்னது சரி. நான் சாப்பாட்டுக்கு வெளியே இருப்பதைச் சொல்கிறேன். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எல்லாச் சீட்டையும் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் ஏறும், அதையும் சொல்லுங்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காமல் குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். ரத்தத்தை மலைமேலே எடுத்து வெகுநேரம் கழித்துக் கீழே ஊரில் சோதித்தால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து கூடுதலாகக் காட்டுவதும் உண்டு, அடுத்த முறை சோதிக்கிற இடத்திலேயே ரத்தம் கொடுங்கள். ஆனால் அதை நம்பி 5.8ஐ அலட்சியம் செய்யாதீர்கள். கைகால் ஓய்ந்துபோனாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வண்டி பிடித்து இறங்குங்கள், இதயம் நின்றுபோகக்கூடிய விஷயம் இது.

முக்கியமாக, வீட்டில் என்ன உப்பு? சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைத்தான் கலக்கிறார்கள்.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்:
பழனியிலிருந்து யாராவது பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால் கவனம். மலை வாழை, சர்க்கரை, பேரீச்சை எல்லாம் சேர்ந்தது. எங்கள் அப்பாவுக்கு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்போம், சாமி பிரசாதம் என்பதால் அவருக்கு அதுவே போதும். நட்சத்திரப்பழம் மட்டும் ஒரு துண்டுகூடக் கூடாது, கிட்னி பாதித்தவர்களுக்கு அது விஷம், மூளையைத் தாக்கும்.

பண்ணைக்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. உப்புப் பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருக்கிறது. பிரஷருக்கு நல்லது என்று நான்தான் இரண்டு மாதமாக வாங்கிக் கொடுக்கிறேன். காலையிலேயே எடுத்துப் போட்டுவிட்டு டாக்டருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், சாதாரண உப்பையே கம்மியாகப் போடச் சொன்னார், நாளைக்கே மறுபடி ரத்தம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். மதியம் அக்கா சொன்னபடி உருளைக்கிழங்கை வடித்துப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினேன், கூடவே சௌசௌப் பொரியல். அம்மா இரண்டையும் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.