பூண்டி ஏரியைத் திறந்தால் மணலி புதுநகரில் ஏன் தண்ணி நிக்குது? கொசஸ்தலை ஆத்துக் கரைக்காரங்க பகிர்வு

மணலி புதுநகர்:
"10,000 கன அடி திறப்பு"ன்னு டிவியில வந்தா கணக்குப் போட்டுப் பாருங்க. வினாடிக்கு அவ்வளவுன்னா ஒரு நாளைக்கு 864 மில்லியன் கன அடி. பூண்டியோட முழுக் கொள்ளளவே 3,231தான். கால் ஏரிக்கு மேல ஒரே நாள்ல தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டு தாண்டி நம்ம பக்கம் இறங்குது. திறந்த உடனே ஏறாது. மழை விட்டு வெயில் அடிக்கும்போதுதான் சடையங்குப்பம், இடையஞ்சாவடி பக்கம் தண்ணி வரும். மேல ஏத்தின மோட்டாரை அவசரப்பட்டு இறக்கிடாதீங்க.

நெட்டுக்குப்பம்:
மணலி அண்ணன் சொன்னது பாதி. மீதி, ஆறு கடல்ல சேர்ற எண்ணூர் முகத்துவாரத்துல இருக்கு. இந்தக் கரையில மணல் வருஷத்துல பெரும்பாலான நாள் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கோடையில ஆத்துல ஓட்டம் இல்லாதப்போ அதைத் தள்ளிவிட ஆளில்லை, மேடு தட்டிடும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் அணைத் திறப்பும் ஒண்ணா வந்தா, கடல் இறங்குற வரைக்கும் வடியாது. ஒரு நாளைக்கு ரெண்டு ஏற்றம், ரெண்டு இறக்கம். வடியற நேரம் பாதிதான்.

அத்திப்பட்டு:
சாம்பலை விட்டுட்டீங்களே! வடசென்னை அனல்மின் நிலையத்துல நிலக்கரிச் சாம்பலைத் தண்ணியில கரைச்சு செப்பாக்கம் குளத்துக்குக் குழாய்ல தள்றாங்க. சாம்பல் அரம் மாதிரி அறுக்கும். குழாயோட அடிப்பக்கமும் வளைவும்தான் முதல்ல தேயும். அப்பப்போ குழாயை உருட்டித் திருப்பி வைக்கணும், இல்லேன்னா இணைப்புல பீச்சிடும். ஒழுகினது எண்ணூர் கழியில, அதாவது முகத்துவாரத்தை ஒட்டின உப்பங்கழியில, படிஞ்சு ஆழம் குறையுது. நல்ல சேறு காலை உள்ளே வாங்கும், சாம்பல் படிஞ்ச தரை வெள்ளையா இறுகி நிக்கும். இறால் புதையணும்னா சேறு வேணும். கையால தடவி இறால் பிடிக்கிறவங்களுக்கு அங்கே பிழைப்பு போச்சு.

கத்திவாக்கம்:
கழியைச் சுத்தி எது எப்போ வந்ததுன்னு காலவரிசை கேட்டவருக்கு: சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமான கால்வாய் 1806, அதுதான் பிற்பாடு பக்கிங்காம் கால்வாய். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970, மூடினது 2017. வடசென்னை அனல்மின் நிலையம் 1994, எண்ணூர் துறைமுகம் 2001. எல்லாத்துக்கும் தண்ணி வேணும், கழிவைத் தள்ள இடம் வேணும். ரெண்டுக்கும் ஒரே கழிதான்.

நெட்டுக்குப்பம்:
அந்தக் கால்வாய் வழியாத்தான் 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட, மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. எண்ணெய் ஒரே தடவையில போயிடாது. இறக்கத்துல வெளியே போனது ஏற்றத்துல திரும்ப வரும். தடுப்பு மிதவை கட்டினாலும் ஓட்டம் வேகமா இருந்தா எண்ணெய் அடியில நழுவிடும், அதனால ஓட்டம் மந்தமான வளைவா பார்த்துக் குறுக்கே சாய்வா கட்டணும். அலையாத்தி மரத்தோட, சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மூச்சுவேர்ல ஒட்டினதை அழுத்திச் சுரண்டாதீங்க. காலால மிதிச்சா எண்ணெய் சேத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. படகுல நின்னுக்கிட்டே வழிக்கிறதுதான் சரி.